திருமுகமும் குடும்ப அட்டையும்

பசியைப் பிணியென்றே பெயரிட்டு வழங்கிய மொழி தமிழ். பசிப்பிணி என்னும் தொடரைச் சங்கப் பாடல்களிலும் மணிமேகலையிலும் காண்கிறோம். காயசண்டிகையைப் பற்றிய யானைத்தீ நோய், எவ்வளவு உண்டாலும் தீராத பசியாகவே காப்பியத்தில் காட்டப்படுகிறது. அதைத் தீர்த்த அமுதசுரபி, பாத்திரமாகவும் மருந்தாகவும் நிற்கிறது. சோறும் மருந்தும் வேறு வேறு துறைகளைச் சேர்ந்தவை என்னும் எண்ணம் நம் முன்னோர்க்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

அண்மை நூற்றாண்டுகளின் அரசாட்சி முறை இவ்விரண்டையும் பிரித்து வைத்தது. நோயைத் தடுக்க ஒரு சட்டமும், பசியைத் தடுக்க வேறொரு விதித்தொகுப்பும் எழுந்தன. முதலாவது தடை விதிக்கும் அதிகாரத்தைத் தந்தது. இரண்டாவது, கொடுக்கும் அளவை வரையறுத்தது. கொள்ளைநோய் பரவும்போதெல்லாம் மக்கள் இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டனர். வீட்டைவிட்டு வெளியேறினால் நோய். உள்ளேயே இருந்தால் பட்டினி. இந்த இக்கட்டை அரசு எவ்வாறு எதிர்கொண்டது, சட்டம் எந்த அளவுக்குக் கைகொடுத்தது என்பதை 1876-ஆம் ஆண்டுப் பஞ்சத்தையும் 2020-ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்றையும் இரு முனைகளாகக் கொண்டு நோக்கலாம். புதுக்கோட்டை மண் அந்நோக்குக்குப் பொருத்தமான களம்.

தாது ஆண்டு

1876-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தன. தாது வருடப் பஞ்சம் எனத் தமிழ்நாட்டு மக்கள் இன்றும் நினைவுகூரும் பெரும்பஞ்சம் அவ்வாறு தொடங்கிற்று. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் அனைவரும் பட்டினியால் மட்டும் மாண்டவரல்லர். உடல் தளர்ந்தவரைக் காலராவும் அம்மையும் வாரிக்கொண்டு போயின. சென்னை மாகாணத்தில் 1877-ஆம் ஆண்டில் காலராவால் இறந்தவராகப் பதிவானவர் மூன்றரை லட்சம் பேர். பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் பிரித்துக் கணக்கிடுவது அரிதென்பதற்கு இது ஒன்றே சான்று.

புதுக்கோட்டைக்கு அண்டையிலுள்ள சிவகங்கைச் சமஸ்தானத்தின் அவைப்புலவர் வில்லியப்ப பிள்ளை, பஞ்சலட்சணத் திருமுக விலாசம் என்னும் அங்கத நூலை இயற்றினார். 1899-இல் அச்சேறிய இந்நூல் ஏறத்தாழ 4,500 அடிகள் கொண்டது. பஞ்சத்தால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் சென்று முறையிடுகின்றனர். இறைவனோ, தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று கைவிரித்து, சிவகங்கை ஜமீந்தாருக்கு ஒரு திருமுகம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். கடவுளே பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய நிலையை நகைச்சுவையாகச் சொல்லும் இப்புனைவின் அடியில் கசப்பானதொரு உண்மை உண்டு. பசித்தவன் யாரிடம் சென்று கேட்பது? கேட்பதற்கு அவனுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? அக்காலத்தில் அவன் கையில் இருந்தது வேண்டுகோள் மட்டுமே. கொடுப்பவர் மனம் இரங்கினால் உண்டு, இரங்காவிட்டால் இல்லை.

அரசின் தரப்பில் நடந்ததும் இதற்கு மாறானதன்று. வைசிராய் லிட்டன் 1877 ஜனவரி முதல் நாளில், விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரைத் தில்லியில் நடத்தினார். அதே மாதத்தில் சர் ரிச்சர்டு டெம்பிளைப் பஞ்ச ஆணையராகத் தெற்கே அனுப்பினார். டெம்பிள் 1874-ஆம் ஆண்டுப் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துத் தாராளமாக வழங்கியவர். அங்கே இறப்பு மிகக் குறைவாக இருந்தது. அதன்பொருட்டு அவர் பெற்றது பாராட்டன்று; வீண் செலவாளி என்னும் பழி. அப்பழியைத் துடைக்க வந்தவர்போலச் சென்னை மாகாணத்தில் அவர் சிக்கனத்தைக் கடைப்பிடித்தார். நிவாரண வேலைத்தலங்களில் நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் கூலியாயின. பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. டெம்பிள் கூலி என்று வரலாற்றில் இழிபெயர் பெற்றது இதுவே.

இதனை எதிர்த்து நின்றவர் மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமேனும் வேண்டும், அத்துடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதிட்டார். இறுதியில் 1877-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு பாதி இறங்கிவந்து தானிய அளவைக் கூட்டியது. சிறிதளவு பருப்பையும் சேர்த்தது. அரசின் செலவுக் கணக்கில் பருப்பு இடம்பெற வேண்டுமென ஒரு மருத்துவர் போராட வேண்டியிருந்தது என்பது ஈண்டு மனத்திற் கொள்ளத்தக்கது. பசியும் பிணியும் ஒன்றென்பதை அன்றைய அரசாங்கத்தில் உணர்ந்தவர் நிதித்துறையாளரல்லர், மருத்துவரே.

சமஸ்தானத்து அம்மன் காசு

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மரபினரின் ஆட்சியிலிருந்த தனிச் சமஸ்தானம். அரியணையில் இருந்தவர் இராமச்சந்திரத் தொண்டைமான். சென்னை மாகாணச் சட்டங்கள் இங்கே தாமாகச் செல்லுபடியாவதில்லை. இங்கு நிவாரணத்துக்கு ஆதாரம் சட்டமன்று, அரசரின் அருள். அவ்வருளின் அடையாளமாக ஒரு நாணயத்தையே சுட்டலாம். குலதெய்வமாகிய பிரகதாம்பாளின் உருவம் பொறித்த அம்மன் காசு என்னும் சிறு செப்புக்காசு சமஸ்தானத்தில் புழங்கி வந்தது. நவராத்திரி நாள்களில் அரிசியோடு சேர்த்து இக்காசு ஏழைகளுக்குத் தானமாக வழங்கப்பட்டது. அரிசியும் ரொக்கமும் கலந்த இவ்வழக்கத்தைப் பிற்கால நிவாரணத் தொகுப்புகளின் முன்னோடி எனச் சிலர் கருதக்கூடும். வெளித்தோற்றத்தில் ஒப்புமை உண்டு. ஆயினும் தானம் பெறுபவர் அதனை மறுநாள் கேட்க இயலாது. கொடுக்காவிடில் முறையிட இடமும் இல்லை.

1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3 லட்சத்து 16 ஆயிரத்துக்கு மேலிருந்த சமஸ்தானத்து மக்கள்தொகை, 1881-இல் 3 லட்சத்து 2 ஆயிரமாகக் குறைந்திருந்தது. மக்கள் பெருகியிருக்க வேண்டிய பத்தாண்டில் பதினாலாயிரம் பேர் குறைந்திருந்தனர்.

அப்பத்தாண்டின் பின்பகுதியில், 1878-இல், சர் அ. சேஷையா சாஸ்திரியார் சமஸ்தான நிர்வாகப் பொறுப்பேற்றார். திருவிதாங்கூரில் திவானாகப் பணியாற்றியவர் அவர். பஞ்சம் ஓய்ந்த பின்னர் அவர் செய்த சீர்திருத்தங்களை இரண்டாகப் பகுக்கலாம். முதலாவது நிலவரி பற்றியது. விளைச்சலை அரசும் உழவரும் பங்கிட்டுக்கொள்ளும் அமானி முறையை அவர் படிப்படியாக நீக்கி, நிலையான பணவரியைக் கொண்டுவந்தார். களத்தில் நெல் காயும்போதே காவல் நிற்கும் அலுவலரின் தயவுக்கு உழவர் காத்துக்கிடந்த நிலை இதனால் மாறியது. இரண்டாவது நீர் பற்றியது. பல்லவன்குளம், புதுக்குளம் முதலிய நீர்நிலைகளைச் சீர்ப்படுத்தினார். நகரின் தெருக்களையும் துப்புரவையும் ஒழுங்குசெய்தார். காலராவின் கிருமியை இராபர்ட் காக் அடையாளங்கண்டது 1883–84-ஆம் ஆண்டுகளில்தான். நுண்ணுயிர் அறிவு பரவுமுன்பே தூய குடிநீர் நோயைத் தடுக்கும் என்பதை அனுபவம் உணர்த்தியிருந்தது.

இவை நிவாரண அறிவிப்புகளல்ல; நற்காலத்தில் செய்து வைத்த ஏற்பாடுகள். பஞ்சமும் நோயும் வரும்போது புதிதாக எதையும் கட்டியெழுப்ப இயலாது. முன்பே கட்டி வைத்தது எதுவோ அதுவே உதவும். இவ்வுண்மை அடுத்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றிலும் ஊடுருவி நிற்கிறது.

நான்கு பிரிவுச் சட்டம்

தாதுப் பஞ்சத்துக்குப் பின்னர் சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்ச விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் பரிந்துரையின்படி 1880-இல் பஞ்ச விதித்தொகுப்பின் வரைவும் 1883-இல் திருந்திய வடிவும் வெளிவந்தன. எப்போது பஞ்சமென அறிவிப்பது, எப்போது வேலைத்தலம் திறப்பது, எவ்வளவு கூலி தருவது என்பவற்றை அத்தொகுப்பு வரையறுத்தது. அரசு அலுவலர் செய்ய வேண்டியவற்றை எழுதி வைத்த வகையில் அது பெரியதொரு முன்னேற்றமே. ஆயினும் அது அலுவலர்க்கான கையேடு. அதைக் காட்டி நீதிமன்றம் செல்லும் உரிமை பசித்தவனுக்கு இல்லை.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. இயற்றப்பட்டபோது நான்கே பிரிவுகள் கொண்டிருந்தது இச்சட்டம். பெயரைச் சொல்வது ஒரு பிரிவு; தடைகளை விதிக்க அதிகாரம் தருவது ஒரு பிரிவு; மீறுவோரைத் தண்டிப்பது ஒரு பிரிவு; நல்லெண்ணத்தோடு செயற்பட்ட அலுவலரைக் காப்பது ஒரு பிரிவு. தடைக்குட்பட்ட மக்கள் எதை உண்பர் என்பதற்கு ஐந்தாம் பிரிவு ஒன்று எழுதப்படவில்லை. 1918-ஆம் ஆண்டு விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோதும், அவ்வாண்டு மழை பொய்த்தபோதும் அப்பிரிவு எழுதப்படவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் பேரரசுச் சட்டமன்றம் இயற்றியது ரௌலட் சட்டத்தை.

சென்னை மாகாணம் 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றி இந்தியாவுக்கு முன்னோடியாயிற்று. நலத்துறையை அதிகாரிகளின் விருப்பத்திலிருந்து சட்டத்தின் கடமைக்குள் கொண்டுவந்த முயற்சி அது. எனினும் சோற்றையும் மருந்தையும் ஒரே தட்டில் வைத்து நோக்கும் சட்டத்துக்கு நாடு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கூலி உரிமையான கதை

விடுதலைக்குப் பின்னரும் பஞ்ச நிவாரணக் கூலி சலுகையாகவே கருதப்பட்டது. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணப் பணியாளர்க்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்களிக்கும் சட்டம் 1964-இல் இயற்றப்பட்டது. குறைந்தபட்சக் கூலியைக் காட்டிலும் குறைவாகத் தரலாம் என்பது அதன் பொருள். இவ்வழக்கு உச்சநீதிமன்றம் வந்தபோது 1983-இல் நீதியரசர் பி.என். பகவதி தலைமையிலான அமர்வு தெளிவானதொரு தீர்ப்பை வழங்கியது. பஞ்சத்தால் வேறு வழியின்றி வந்தவனுக்குக் குறைந்தபட்சக் கூலியையும் தராமல் வேலை வாங்குவது, அரசமைப்புச் சட்டம் தடைசெய்துள்ள கட்டாய உழைப்பாகும் என்றது நீதிமன்றம். டெம்பிள் கூலிக்கு நூறாண்டு கடந்து எழுந்த மறுமொழி என்றே இதனைக் கொள்ளலாம்.

இதற்கிடையே 1972-ஆம் ஆண்டை ஒட்டிய கொடிய வறட்சியின் அனுபவத்தால் மகாராஷ்டிரம் வேலை உறுதிச் சட்டத்தை 1977-இல் இயற்றியது. அதன் தொடர்ச்சியாக நாடு தழுவிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மக்கள் வாய்மொழியில் நூறு நாள் வேலை என்று பெயர்பெற்ற இத்திட்டம், 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதற்கட்டத்தில் இடம்பெற்ற ஆறு மாவட்டங்களுள் சிவகங்கையும் ஒன்று. சொக்கநாதர் திருமுகம் எழுதி அனுப்பிய அதே சிவகங்கையில், வேலை கேட்டு விண்ணப்பித்தவர்க்குப் பதினைந்து நாளில் வேலை தரவேண்டும், தராவிடில் படி தரவேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில் இத்திட்டம் விரிந்தது.

உணவின் வரலாறு தமிழ்நாட்டில் தனிப் பாதையில் நடந்தது. 1997-இல் மைய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டை வைத்துப் பிரித்தபோது, தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்கவில்லை. எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான முறையைத் தொடர்ந்தது. 2007-இல் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் சேர்க்கப்பட்டன. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. கார்னிஷ் கேட்ட பருப்பு, 130 ஆண்டுகள் கழித்து நியாயவிலைக் கடைக்கு வந்து சேர்ந்தது.

2020: அறிவிப்புகளும் சட்டமும்

கொரோனாத் தொற்று இந்தியாவில் பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில் முதலில் கையிலெடுக்கப்பட்டவை 1897-ஆம் ஆண்டுச் சட்டமும், 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் ஆகும். மார்ச் 23-இல் நாடாளுமன்றம் நிதி மசோதாவை விவாதமின்றி நிறைவேற்றிவிட்டுக் கலைந்தது. மார்ச் 25 முதல் நாடு முடங்கியது. நாடாளுமன்றம் மீண்டும் கூடியது செப்டம்பர் 14-இல். இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு மாத காலத்தில்தான் இந்தியாவின் முதற்கட்ட நிவாரணத் தொகுப்புகள் அறிவிக்கப்பட்டன.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மார்ச் 27-இல் 2.2 டிரில்லியன் டாலர் மதிப்பிலான நிவாரணச் சட்டம் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறிக் கையெழுத்தாயிற்று. வரம்புக்குட்பட்ட வருமானமுடைய வயதுவந்தோர் ஒவ்வொருவர்க்கும் 1,200 டாலர் என அச்சட்டமே எழுதி வைத்தது. இந்தியாவிலோ இத்தகைய தனிச்சட்டம் ஒன்று இயற்றப்படவில்லை. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மார்ச் 26-இல் 1.70 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பை அறிவித்தார். ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், குடும்பத்துக்கு 1 கிலோ பருப்பு, ஜன்தன் கணக்குடைய பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பிணையின்றி 20 லட்சம் ரூபாய் வரை கடன் என்பன அவற்றுள் சில. மார்ச் 31-இல் வரி தொடர்பான காலக்கெடுவைத் தளர்த்தும் அவசரச் சட்டம் பிறந்தது. மே 12-இல் பிரதமர் நரேந்திர மோடி 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். அதன் விவரங்கள் ஐந்து நாள் தொடர்ந்து வெளியிடப்பட்டன.

அத்தொகையில் பெரும்பகுதி கடன், கடன் உத்தரவாதம், வங்கிகளுக்கான நிதி வசதி ஆகிய வடிவங்களில் அமைந்தது. சிறு, குறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் வரை பிணையில்லாக் கடனுக்கு அரசு உத்தரவாதம் அளித்தது. தொழிலை மீட்க இவை தேவை என்பதில் ஐயமில்லை. எனினும் அன்றாடக் கூலி இழந்த குடும்பத்துக்குக் கடன் வசதி சோறாகாது. தனியார் நிறுவனங்கள் முடக்கக் காலத்துக்கும் ஊதியம் தரவேண்டும் என்று மார்ச் 29-இல் பிறப்பித்த ஆணை, மே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆணை வடிவில் வந்த நிவாரணம் ஆணை வடிவிலேயே மறைந்தது.

மறையாமல் நின்றவை எவை? முன்பே சட்டமாகி, முன்பே ஊர்தோறும் வேரூன்றியவை. நூறு நாள் வேலைக்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கிய 61,500 கோடி ரூபாயோடு மேலும் 40,000 கோடி ரூபாய் சேர்க்கப்பட்டது. 2020–21-இல் நாடு முழுவதும் 389 கோடி மனித நாள் வேலை வழங்கப்பட்டது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அதுவரை காணாத அளவு அது. பெயர்ப்பட்டியல், வேலை அட்டை, வங்கிக் கணக்கு, ஊராட்சி அலுவலகம் ஆகிய அனைத்தும் ஆயத்தமாக இருந்தமையால் பணம் ஒதுக்கியவுடன் அது மண்வெட்டி பிடித்த கைகளைச் சென்றடைந்தது.

கணக்கின் கடைசி இலக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு 2020-ஆம் ஆண்டு முடக்கம் தனித்து வந்த துயரன்று. 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கந்தர்வகோட்டை வட்டாரங்களின் தென்னையையும் பலாவையும் சாய்த்திருந்தது. சாய்ந்த தோப்புகள் மீண்டெழுமுன்பே முடக்கம் வந்தது. திருமணங்களும் திருவிழாக்களும் நின்றதால் கீரமங்கலத்துப் பூவுக்கு வாங்குவோர் இல்லை. பலா பழுக்கும் பருவத்தில் சந்தைகள் மூடிக் கிடந்தன. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரைகளில் மார்ச் இறுதியிலேயே படகுகள் கரையேறின. ஏப்ரல் 15-இல் வழக்கமான மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கியது. முடக்கத்தில் இழந்த நாள்களை ஈடுசெய்ய அவ்வாண்டு 61 நாள் தடை 47 நாளாகக் குறைக்கப்பட்டு, மே இறுதியில் முடிந்தது.

இச்சூழலில் முதலில் வந்து சேர்ந்தது நியாயவிலைக் கடை வழியான உதவியே. மார்ச் 24-இல் முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி சட்டமன்றத்தில் 3,280 கோடி ரூபாய் நிவாரணத்தை அறிவித்தார். அரிசி பெறும் அட்டைதாரர் அனைவர்க்கும் 1,000 ரூபாய் ரொக்கமும், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியன விலையின்றியும் தரப்பட்டன. நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் வழங்கப்பட்டன. யார் ஏழை, யார் ஏழையல்லர் என்று தேர்ந்தெடுக்கும் வேலை எழவில்லை. அட்டை இருந்தால் போதும். அவ்வட்டைகளைத் தமிழ்நாடு பல பத்தாண்டுகளாக வழங்கி வைத்திருந்தது.

மைய அரசின் 500 ரூபாய் வேறு வழியில் வந்தது. கூட்டத்தைத் தவிர்க்கும்பொருட்டு, ஏப்ரல் 3 முதல் 9 வரை கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் குறிக்கப்பட்டது. சுழியும் ஒன்றும் முதல் நாள். இரண்டும் மூன்றும் அடுத்த நாள். இச்சிறு ஏற்பாட்டுக்குப் பின்னால் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து கடைசி இலக்கத்தைத் தானே வாசிக்கத் தெரிந்த பெண்ணுக்கே அவ்வேற்பாடு முழுப்பயன் தரும். வாசிக்கத் தெரியாதவர் பிறரை நம்ப வேண்டும். புதுக்கோட்டையில் 1991-ஆம் ஆண்டு முதல் நடந்த அறிவொளி இயக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊர்தோறும் எழுத்தறிவித்தனர். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது நாடெங்கும் பேசப்பட்டது. கல்லுடைக்கும் பெண்கள் குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்து நடத்தினர். 1992 ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அன்று எழுத்துக் கற்ற பெண்கள் 2020-இல் அறுபதை நெருங்கிய தாய்மாரும் பாட்டிமாரும் ஆவர். அறிவொளியை எவரும் பொருளாதார மீட்புத் திட்டம் என்று அழைத்ததில்லை. ஆயினும் டோக்கனில் எழுதிய நேரத்தையும் கணக்கின் கடைசி இலக்கத்தையும் வாசிக்கும் ஆற்றல் நிவாரணத்தின் ஒரு பகுதியே.

மருத்துவத்துக்கும் இக்கூற்றுப் பொருந்தும். மாவட்டத் தலைநகரை ஒட்டிய முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2017 ஜூனில்தான் திறக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து வந்த தொற்றின்போது மாவட்டத்துக்கென ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது.

ஏப்ரல் 20-க்குப் பின் நூறு நாள் வேலையைத் தொடர மைய அரசு அனுமதித்தது. தமிழ்நாட்டில் நாள் கூலி அவ்வாண்டு 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயாக உயர்ந்திருந்தது. பேருந்தில்லை, கடையில்லை, கட்டட வேலையில்லை என்றிருந்த மாதங்களில், கண்மாய்க்கரையிலும் வரத்து வாய்க்காலிலும் கிடைத்த வேலையே பல குடும்பங்களின் ரொக்க வருவாயாயிற்று. சேஷையா சாஸ்திரியார் காலத்தில் அரசின் அக்கறையைப் பெற்ற நீர்நிலைகள், இக்காலத்தில் மக்களின் உரிமை நிலமாயின. அங்கே வேலை செய்தவருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

எஞ்சி நின்றவர்

அட்டை உள்ளோர்க்கு அட்டை உதவியது என்றால், அட்டை இல்லாதோர் நிலை என்ன? பிழைப்புக்காக வேற்று மாநிலம் சென்றிருந்த தொழிலாளர்க்கு அவர்கள் இருந்த ஊரில் அட்டை இல்லை. நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய மக்களின் காட்சி 2020-ஆம் ஆண்டின் அழியாத வடு. முடக்கம் தொடங்கி ஏழு வாரங்கள் கழித்து, மே 14-இல்தான் அட்டையில்லாத எட்டுக் கோடித் தொழிலாளர்க்கு இரு மாதத் தானியம் அறிவிக்கப்பட்டது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு அவ்வாண்டு அக்டோபரில் இணைந்தது. உரிமை ஓர் ஊரின் கடையோடு கட்டப்பட்டிருக்கும்வரை, ஊர் மாறியவன் மீண்டும் திருமுகம் தேடி அலையும் நிலைக்கே தள்ளப்படுகிறான்.

2021-இல் இரண்டாம் அலை வீசியது. மே 7-இல் பொறுப்பேற்ற முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முதல் கையெழுத்தாக, 2 கோடியே 7 லட்சம் அட்டைதாரர்க்கு 4,000 ரூபாய் வழங்கும் ஆணையில் கையொப்பமிட்டார். அது மே, ஜூன் மாதங்களில் இரு தவணையாகத் தரப்பட்டது. ஆட்சி மாறியது, வழி மாறவில்லை. முந்தைய அரசின் 1,000 ரூபாய் சென்ற அதே கடை வழியாகவே 4,000 ரூபாயும் சென்றது.

அவ்வாண்டு ஜூன் 30-இல் உச்சநீதிமன்றம் மற்றுமொரு குறிப்பிடத்தக்க தீர்ப்பை வழங்கியது. பேரிடரில் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு உதவித்தொகை உள்ளிட்ட குறைந்தபட்ச நிவாரணத்தை வரையறுப்பது, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி அரசின் கடமை என்றது. அதன்பின் கொரோனாவால் மாண்டோர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. 1897-இல் எழுதப்படாத ஐந்தாம் பிரிவின் ஒரு வரி, ஒருவாறு எழுதப்பட்டது எனலாம்.

எழுதப்பட்டவை என்றும் நிலைத்து நிற்கும் என்பதும் உறுதியன்று. 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாக, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. நாள்களின் எண்ணிக்கை நூறிலிருந்து 125-ஆகக் கூட்டப்பட்டது. அதே வேளையில், பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. நாள் கூடியது நன்மையென்பார் ஒருசாரார். நிதிச்சுமை ஏறிய மாநிலம் வேலையைச் சுருக்கும் என்று அஞ்சுவார் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தீர்க்கும் அளவுகோல் நற்காலத்தில் கிட்டாது. அடுத்த கொள்ளைநோயோ பெருவறட்சியோ வரும் நாளில், வேலை கேட்டு வந்தவரின் விண்ணப்பத்துக்கு என்ன விடை கிடைக்கிறது என்பதே அளவுகோல்.

மணிமேகலைக்கு முன்பு அமுதசுரபியை ஏந்தியவன் ஆபுத்திரன். உண்பார் எவருமில்லாத மணிபல்லவத்தில் தனித்து நின்றபோது அவன் அப்பாத்திரத்தை உடைத்தெறியவில்லை. ஆண்டுக்கொரு நாள் வெளிப்பட்டு, அருளறம் பூண்டோர் கைக்குச் சேர்க என்று வேண்டிக் கோமுகிப் பொய்கையில் விட்டான். பின்னொரு காலத்தில் மணிமேகலை கரையில் நின்றபோது அது அவள் கைக்கு வந்தது. அதனை ஏந்தி ஊருக்குச் சோறிட்ட பின்னரும் அவள் அமையவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு அரசனிடம் கேட்டாள். ஒருவர் கையிலிருந்த அறத்தை அரசின் நிலையான ஏற்பாடாக மாற்றக் கேட்ட விண்ணப்பம் அது. தாது ஆண்டில் அவ்விண்ணப்பத்தைக் கேட்பார் இல்லை. 2020-இல் அதன் ஒரு பகுதியேனும் குடும்ப அட்டையாகவும் வேலை அட்டையாகவும் மக்கள் கையில் இருந்தது. எஞ்சிய பகுதியை இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.